காலணியில் தொடங்கும் கேள்வி

ஜெர்மனியில் ஒருவர் போட்டிருக்கும் ஷூ ஆம்பூரில் தைத்ததாக இருக்கலாம். அதன் தோல் வாணியம்பாடியிலோ பேரணாம்பட்டிலோ பதமாகியிருக்கும். அந்தத் தோலைத் தந்த மாடு எங்கே மேய்ந்தது? ஆலங்காயம் பக்கம் ஜவ்வாது மலையடிவாரத்திலா, வேறு மாநிலத்திலா, கடல் தாண்டியா? ஐரோப்பிய ஒன்றியம் 2023இல் கொண்டுவந்த காடழிப்புத் தடுப்புச் சட்டம் இந்தக் கேள்விக்குப் பல் முளைக்க வைத்தது. 2020 டிசம்பர் 31க்குப் பிறகு காட்டை அழித்த நிலத்தில் வளர்ந்த மாட்டின் தோல் கூடாது என்றது அது. வளர்த்த இடத்தை அட்சரேகை, தீர்க்கரேகையோடு சொல்லச் சொன்னது. அமலாகும் தேதி தள்ளிப்போனது. கேள்வி மட்டும் தள்ளிப்போகவில்லை.

பதில் சொல்வது கடினம். ஊர் வியாபாரி, தோல் மண்டி, டேனரி, ஷூ கம்பெனி, ஏற்றுமதியாளர் என்று ஒரு தோல் பல கை மாறுகிறது. ஒருவர் கணக்கை இன்னொருவர் நம்ப வேண்டிய கட்டாயம் இல்லை. இப்படிப்பட்ட இடத்துக்குத்தான் பிளாக்செயின் பொருந்தும். சட்டம் அதைக் கேட்கவில்லை. ஆனால் எழுதியதை எவரும் சத்தமில்லாமல் திருத்த முடியாத பொதுக் கணக்கு வேறு எளிதில் கிடைக்காது. ஒவ்வொரு பிளாக்கும் முந்தைய பிளாக்கின் சுருக்க எண்ணைத் தன்னுள் வைத்திருக்கிறது. பழைய பதிவில் ஒரு புள்ளியை மாற்றினாலும் அதற்குப் பின்வரும் எண்கள் அத்தனையும் பொருந்தாமல் போகும். தமிழ்நாடு அரசும் 2020இல் பிளாக்செயினுக்கென ஒரு கொள்கையை வெளியிட்டு, ‘நம்பிக்கை இணையம்’ என்ற கட்டமைப்பை உருவாக்கியது. அங்கே முதல் அக்கறை சான்றிதழ்கள் மீது. தோலுக்கும் அதே தர்க்கம் செல்லும்.

எழுதுவதைப் பற்றி எல்லோரும் பேசுகிறார்கள். எழுதியதிடம் கேட்பதுதான் எனக்கு வியப்பான பகுதி.

மண்டிக் கணக்கில் இரண்டு புத்தகங்கள் உண்டு. நடந்தது நடந்தபடி வரிசையாக ஏறுவது குறிப்பேடு. ஆள்வாரியாக, சரக்குவாரியாகப் பிரித்து எழுதுவது பேரேடு. பிளாக்செயினில் ஏறும் நிகழ்வுகள் குறிப்பேட்டைப் போன்றவை. எத்தீரியம் என்ற பிளாக்செயின் 2015 ஜூலை 30இல் தொடங்கியது. இன்று சுமார் 12 விநாடிக்கு ஒரு பிளாக், நாளொன்றுக்கு ஏறக்குறைய 7,200. அதனிடம் ‘இத்தனையாவது பிளாக்கைக் கொடு’, ‘இந்தப் பரிவர்த்தனையின் ரசீதைக் கொடு’ என்று கேட்கலாம். ‘இந்த ஷூவின் தோல் எங்கிருந்து வந்தது’ என்று நேராகக் கேட்க வழியில்லை.

ஆனாலும் அதன் வடிவமைப்பில் ஓர் அழகான குறுக்குவழி இருக்கிறது. ஒவ்வொரு பிளாக்கின் தலைப்பிலும் 2,048 சிறு கட்டங்கள். உள்ளே ஒரு நிகழ்வு பதிவானால், அதை வெளியிட்ட முகவரியும் அதன் குறிச்சொற்களும் ஒவ்வொன்றும் மூன்று கட்டங்களை விளக்குபோல ஏற்றிவிடும். நாம் தேடும் குறிச்சொல்லின் மூன்று கட்டங்களில் ஒன்று அணைந்திருந்தாலும் அது அந்தப் பிளாக்கில் நிச்சயம் இல்லை, திறக்காமலே தாண்டலாம். மூன்றும் எரிந்தால் இருக்கலாம், திறந்து பார்க்க வேண்டும். 1970இல் பர்ட்டன் புளூம் வெளியிட்ட உத்தி இது. ‘உண்டு’ என்பதில் தவறலாம், ‘இல்லை’ என்பதில் தவறவே தவறாத ஒரு கருவி. நெரிசலான பிளாக்குகளில் கட்டங்கள் பெரும்பாலும் நிறைந்துவிடுவதால் அதன் பலன் குறையும்.

அதற்கு மேல்தான் வினவல் மொழி வருகிறது. ஃபேஸ்புக் 2012இல் உருவாக்கி 2015இல் பொதுவில் விட்ட கிராஃப்க்யூஎல், எனக்கு வேண்டியது இந்த வடிவத்தில் வேண்டும் என்று கேட்கும் மொழி. எத்தீரியம் கணினிகள் அந்த மொழிக்கும் பதில் சொல்லலாம் என்ற முன்மொழிவு 2019இல் வந்தது. பிளாக், அதிலுள்ள பரிவர்த்தனைகள், அவற்றை அனுப்பியவர்கள் என ஒன்றுக்குள் ஒன்றாக அடுக்கி ஒரே கேள்வியாக அனுப்பலாம். முன்பு நூறு முறை போய்வர வேண்டிய வேலை இது. அப்போதும் கணினிக்குத் தோல் என்றால் தெரியாது. ‘தி கிராஃப்’ போன்ற அமைப்புகள் நிகழ்வுகளைக் காதில் வாங்கி, தோல்வாரியாக, டேனரிவாரியாகப் பேரேடு போட்டு வைக்கின்றன. நிரலாளர் தன் நிரலில் ஒரு நூலகத்தைச் சேர்த்துக்கொண்டு அந்தப் பேரேட்டிடம் கேட்கிறார்: ஷூ, அதன் தோல் லாட், அந்த லாட் ஓடிய பதனிடும் டிரம், டிரம்முக்கு வந்த மண்டிச் சரக்கு.

பேரேடு போட்டவர் பொய் சொன்னால்? மூலத்தோடு ஒப்பிடலாம். ரால்ப் மெர்க்கிள் 1979இல் தந்த மர அமைப்பில் இரண்டிரண்டாகக் கிளை பிரிந்தால், பத்து லட்சம் பதிவுகளுக்குள் ஒன்று இருப்பதை நிரூபிக்க இருபது எண்கள் போதும்.

முதல் பதிவு பொய்யானால் மட்டும் இந்தக் கணிதம் எதுவும் உதவாது. ஒரே டிரம்மில் பல ஊர்த் தோல்கள் சேர்ந்து சுழல்கின்றன. உப்பு, சுண்ணாம்பு, குரோம், சீவும் இயந்திரம் எல்லாவற்றையும் தாங்கும் அடையாளம் ஒவ்வொரு தோலிலும் இருந்தாக வேண்டும். இல்லையென்றால் ‘இந்த லாட்’ என்பதோடு பதில் நின்றுவிடும்.

லாட் வரையில் தெரிவதும் சிறிய விஷயமில்லை, ஏனென்றால் இதே கேள்வியைத் திருப்பியும் கேட்கலாம். தோலில் ஆறிணைதிறக் குரோமியம் கிலோவுக்கு 3 மில்லிகிராமை எட்டக்கூடாது என்ற ஐரோப்பிய வரம்பு 2015 மே முதல் நடப்பில் இருக்கிறது. ஒரு ஜோடி ஷூ அந்தச் சோதனையில் தவறினால், அந்த டிரம்மிலிருந்து வந்த மற்ற ஜோடிகள் இப்போது எந்தெந்தப் பெட்டியில், எந்தெந்தக் கப்பலில் என்பதை ஒரே வினவலில் கேட்டுவிடலாம்.