பிரேக் மிதிச்சா பிக்கப் வண்டி உதறுதா? டிஸ்க்கை மாற்றும் முன் இதைப் பாருங்க!

ஊட்டியில் இருந்து கேரட் மூட்டை ஏற்றிக்கொண்டு மேட்டுப்பாளையம் இறங்கும் பிக்கப் டிரைவர்கள் பலருக்கு இந்த அனுபவம் இருக்கும். மலை இறங்கும் வரை வண்டி சமாளித்துவிடும். சமவெளிக்கு வந்து 70 கி.மீ. வேகத்தில் பிரேக்கை மிதித்தால், ஸ்டியரிங் கையில் நிற்காமல் ஆடும்.

ஒர்க்‌ஷாப்புக்குப் போனால், "டிஸ்க் வளைஞ்சு போச்சு, மாத்திடலாம்" என்பதுதான் பெரும்பாலும் கிடைக்கும் பதில். ஆயிரக்கணக்கில் செலவு செய்து மாற்றுகிறார்கள். ஒரு நாள் வாடகையும் போகிறது. ஆனால் சில மாதங்களில் அதே உதறல் திரும்பி வந்துவிடுகிறது. ஏன் இப்படி? உண்மையான காரணத்தை எப்படிக் கண்டுபிடிப்பது?

உதறல் எங்கே தெரிகிறது?

பெரும்பாலான பிக்கப் வண்டிகளில் முன் சக்கரங்களில் டிஸ்க் பிரேக்கும், பின் சக்கரங்களில் டிரம் பிரேக்கும் இருக்கும். அதனால் உதறல் தெரியும் இடத்தை வைத்தே பாதி பிரச்னையைக் கண்டுபிடித்துவிடலாம்.

* பிரேக் போடும்போது ஸ்டியரிங் ஆடினால், முன்பக்க டிஸ்க்கில் சந்தேகம்.
* ஸ்டியரிங் அமைதியாக இருந்து, சீட்டும் தரையும் அதிர்ந்தால், பின்பக்க டிரம்மில் சந்தேகம்.
* பெடல் காலை மேலும் கீழும் தள்ளினால், டிஸ்க்கின் தடிமன் ஒரே சீராக இல்லை அல்லது டிரம் வட்டம் தவறியிருக்கிறது.
* பிரேக்கைத் தொடாமலே குறிப்பிட்ட வேகத்தில் வண்டி உதறினால், அது பெரும்பாலும் பிரேக் பிரச்னை அல்ல. டயர், வீல் பேலன்ஸ், வளைந்த ரிம் ஆகியவற்றை முதலில் பார்க்க வேண்டும்.

ஏபிஎஸ் உள்ள வண்டியில் ஈர ரோட்டில் திடீர் பிரேக் அடிக்கும்போது பெடல் டகடகவென்று துடிப்பது வழக்கமானதுதான். பயப்படத் தேவையில்லை. சாதாரணமாக மிதிக்கும்போதும் துடித்தால்தான் கவனிக்க வேண்டும்.

டிஸ்க் உண்மையிலேயே வளைகிறதா?

இங்கேதான் பலரும் ஏமாறுகிறார்கள். அப்பளம் போல டிஸ்க் வளைந்துவிட்டது என்று நினைக்கிறோம். ஆனால் பல நேரங்களில் நடப்பது வேறு. டிஸ்க்கின் தடிமன் ஓரிடத்தில் கூடுதலாகவும் ஓரிடத்தில் குறைவாகவும் ஆகிவிடுகிறது. 0.02 மி.மீ. அளவு வித்தியாசம் இருந்தாலே காலில் தெரிய ஆரம்பித்துவிடும். ஒரு தலைமுடியின் தடிமனைவிட இது குறைவு. கண்ணால் பார்த்தும், விரலால் தடவியும் இதைக் கண்டுபிடிக்க முடியாது.

தடிமனான பகுதி பேடுகளுக்கு நடுவே வரும்போது பிரேக் இறுகப் பிடிக்கிறது. மெலிந்த பகுதி வரும்போது பிடி தளர்கிறது. சக்கரத்தின் ஒவ்வொரு சுற்றிலும் இது நடப்பதால்தான் ஸ்டியரிங் ஆடுகிறது.

இன்னொரு காரணம் சூடு. மலை இறக்கத்தில் பிரேக்கை விடாமல் மிதித்தால், பேடில் உள்ள பொருள் டிஸ்க் மேல் திட்டுத்திட்டாக ஒட்டிக்கொள்ளும். நீல நிறப் புள்ளிகளோ கருந்திட்டுகளோ தெரிந்தால் டிஸ்க் அளவுக்கு மீறி சூடாகியிருக்கிறது என்று அர்த்தம்.

புது டிஸ்க் போட்டும் உதறல் திரும்புவது ஏன்?

டிஸ்க் உட்காரும் ஹப்பின் முகத்தில் துரு இருக்கும். அதைச் சுத்தம் செய்யாமல் புது டிஸ்க்கை மாட்டினால், டிஸ்க் மிக லேசாகச் சாய்ந்து நிற்கும். நடுவில் இருக்கும் சின்ன துரு, டிஸ்க்கின் விளிம்பில் பெரிய சாய்வாக மாறிவிடும்.

முதல் நாள் எதுவும் தெரியாது. ஆனால் சாய்ந்து சுற்றும் டிஸ்க், பிரேக் போடாத நேரத்திலும் ஒவ்வொரு சுற்றிலும் ஒரே இடத்தில் பேடை உரசும். அந்த இடம் மட்டும் கொஞ்சம் கொஞ்சமாகத் தேயும். சில ஆயிரம் கி.மீ. ஓடிய பிறகு, பழைய உதறல் திரும்பி வரும். "டிஸ்க் தரமில்லை" என்று பழி டிஸ்க் மேல் விழும். உண்மையில் குற்றவாளி ஹப்பில் இருந்த துருதான்.

வீல் நட்டுகளும் இதே வேலையைச் செய்யும். ஏர் கன் வைத்து ஒன்றை அதிகமாகவும் மற்றொன்றைக் குறைவாகவும் இறுக்கினால், டிஸ்க் கோணலாக இழுக்கப்படும். எதிரெதிர் நட்டுகளாக மாற்றி மாற்றி, டார்க் ரெஞ்ச் வைத்து, கம்பெனி சொன்ன அளவுக்கு இறுக்க வேண்டும்.

காலிப்பர் பின் இறுகிப்போவதும் முக்கிய காரணம். பிரேக்கை விட்ட பிறகும் பேட் விலகாமல் டிஸ்க்கை உரசிக்கொண்டே இருக்கும். உள்பக்க பேடும் வெளிப்பக்க பேடும் வேறு வேறு அளவில் தேய்ந்திருந்தால் இதுதான் அடையாளம். ஓடி நின்றதும் ஒரு சக்கரத்தில் மட்டும் அதிக அனல் அடித்தாலும் சந்தேகப்பட வேண்டும். டிஸ்க்கைக் கையால் தொட்டுப் பார்க்க வேண்டாம்.

வீல் பேரிங், பால் ஜாயிண்ட், டை ராட் எண்ட் ஆகியவற்றில் ஆட்டம் இருந்தால், சின்ன உதறல்கூட பெரிதாகத் தெரியும்.

மெக்கானிக்கிடம் என்ன கேட்க வேண்டும்?

டிஸ்க்கை மாற்றச் சொல்வதற்கு முன், "அளந்து பார்த்தீங்களா?" என்று கேளுங்கள். டயல் கேஜ் வைத்தால் டிஸ்க் எவ்வளவு சாய்ந்து சுற்றுகிறது என்று தெரியும். மைக்ரோமீட்டர் வைத்து பல இடங்களில் அளந்தால் தடிமன் வித்தியாசம் தெரியும். பல வண்டிகளில் அனுமதிக்கப்படும் சாய்வு 0.1 மி.மீ.க்கும் குறைவுதான். உங்கள் வண்டிக்கான சரியான அளவு சர்வீஸ் புத்தகத்தில் இருக்கும்.

டிஸ்க்கில் குறைந்தபட்ச தடிமன் எவ்வளவு என்று பொதுவாக அதிலேயே பொறிக்கப்பட்டிருக்கும். அதற்கு மேல் போதுமான கனம் இருந்தால் லேத்தில் கொடுத்து கடைந்து பயன்படுத்தலாம். அதற்குக் கீழே போய்விட்டால், அல்லது விரிசல் இருந்தால், மாற்றுவதுதான் ஒரே வழி. மாற்றும்போது ஒரே அச்சில் உள்ள இரண்டு பக்கமும் மாற்ற வேண்டும். டிரம்முக்கும் இதேபோல அதிகபட்ச உள்விட்டம் என்று ஒரு எல்லை உண்டு.

எதைச் செய்தாலும் மூன்று வேலைகளை விடக் கூடாது: ஹப் முகத்தைத் தேய்த்துச் சுத்தம் செய்வது, காலிப்பர் பின்களைக் கழற்றி பிரேக்குக்கான கிரீஸ் போடுவது, வீல் நட்டுகளைச் சீராக இறுக்குவது. இதற்கு ஆகும் செலவு குறைவு. இதைச் செய்யாவிட்டால் டிஸ்க்குக்குப் போட்ட பணம் வீண்.

புது பேட் போட்டதும் லோடு ஏற்றி மலைக்கு அனுப்ப வேண்டாம். காலியான ரோட்டில் 50 கி.மீ. வேகத்தில் இருந்து 15 கி.மீ. வரை மிதமாக பிரேக் போட்டு, இடைவெளி விட்டு சுமார் 10 முறை குறைத்து ஓட்டினால், பேடும் டிஸ்க்கும் ஒன்றோடொன்று நன்றாகப் பொருந்தும்.

லோடு, வேகம், இறக்கம்

வேகம் இரண்டு மடங்கானால், வண்டியை நிறுத்தும்போது பிரேக் தாங்க வேண்டிய சூடு நான்கு மடங்காகும். அதன் மேல் ஓவர்லோடும் சேர்ந்தால் பிரேக் தாங்காது. அதிக பாரம் ஏற்றினால் மோட்டார் வாகனச் சட்டப்படி 20,000 ரூபாயும், கூடுதலாக உள்ள ஒவ்வொரு டன்னுக்கும் 2,000 ரூபாயும் அபராதம் உண்டு.

36 கொண்டை ஊசி வளைவுகள் உள்ள கல்லட்டி, 70 வளைவுகள் உள்ள கொல்லிமலை போன்ற பாதைகளில் ஏறுவதற்கு எந்த கியர் தேவையோ, அதே கியரில்தான் இறங்க வேண்டும். டீசலை மிச்சப்படுத்த நியூட்ரலில் இறக்குவதும், இன்ஜினை அணைப்பதும் உயிரோடு விளையாடுவது. இன்ஜின் அணைந்தால் பிரேக் பூஸ்டர் சீக்கிரமே வேலை செய்யாமல் போய், பெடல் கல் போல இறுகிவிடும்.

பிரேக் ஆயிலையும் மறக்கக் கூடாது. அது காற்றில் உள்ள ஈரத்தை இழுத்துக்கொள்ளும். புதிய டாட் 3 ஆயில் குறைந்தது 205 டிகிரி செல்சியஸ் வரை கொதிக்காது. ஈரம் ஏறிய பிறகு அந்த எல்லை 140 டிகிரிக்கு இறங்கிவிடும். ஆயில் கொதித்தால் குழாயில் ஆவி நிறைந்து, பெடல் அடி வரை போகும், பிரேக் பிடிக்காது. அதனால் இரண்டு ஆண்டுகளுக்கு ஒருமுறை ஆயிலை மாற்றுவது நல்லது.

மலை இறங்கியதும் சூடான டிஸ்க் மேல் தண்ணீர் ஊற்றுவதும் தவறு. திடீரென்று குளிர்ந்தால் டிஸ்க் விரிசல் விடலாம், உருக்குலையலாம். தானாக ஆற விடுங்கள்.

எப்போது வண்டியை எடுக்கவே கூடாது?

உதறலோடு சேர்ந்து பெடல் பஞ்சு போல அமுங்கினால், வண்டி ஒரு பக்கமாக இழுத்தால், இரும்பு உரசும் சத்தம் வந்தால், கருகல் நாற்றம் அடித்தால், பிரேக் ஆயில் கசிந்தால், அடுத்த டிரிப்பை எடுக்கக் கூடாது. "இந்த ஒரு லோடு மட்டும் இறக்கிட்டு பார்த்துக்கலாம்" என்று நினைக்க வேண்டாம். ஒரு நாள் வாடகை போனால் மறுநாள் சம்பாதிக்கலாம். இறக்கத்தில் பிரேக் கைவிட்டால், டிரைவரோடு எதிரே வருபவர்களின் உயிருக்கும் ஆபத்து.