கருமருந்துத் துப்பாக்கியும் துருவும்

தோட்டத்துத் திடலில் வெள்ளைத் துணி கட்டிப் படம் காட்டிய நாள்களில், கௌபாய் வீரன் சுழல் துப்பாக்கியால் சுடுவதை நம்மில் பலர் பார்த்திருக்கிறோம். சுட்டு முடித்ததும் அவன் துப்பாக்கியை இடுப்பில் செருகிக்கொண்டு போய்விடுவான். உண்மையில் அவன் வேலை அதோடு முடிவதில்லை. அதை அன்றே கழுவியாக வேண்டும். ஏன் என்று இன்று பார்ப்போம்.

சாமுவேல் கோல்ட் என்ற அமெரிக்கர் 1836இல் சுழல் துப்பாக்கிக்குத் தம் நாட்டில் காப்புரிமை பெற்றார். அவருடைய 1851ஆம் ஆண்டின் 'நேவி' வகை, 1861 முதல் 1865 வரை நடந்த அமெரிக்க உள்நாட்டுப் போரில் இரு தரப்பாரிடமும் இருந்தது. சுமார் நூறு ஆண்டுகளுக்குப் பின், இத்தாலியின் பிரேசியா வட்டாரப் பட்டறைகள் அதே அமைப்பில் நகல்கள் செய்யத் தொடங்கின. இவை பொம்மைகள் அல்ல, சுடக்கூடியவை. அமெரிக்காவில் குறிபார்த்துச் சுடும் போட்டிகளில் இவை இன்றும் பயன்படுகின்றன. மலேசியாவிலும் சிங்கப்பூரிலும் உரிமமின்றித் துப்பாக்கி வைத்திருப்பது கடுங்குற்றம் என்பதை நாம் அறிவோம். நமக்கு வேண்டியது துப்பாக்கி அல்ல. அது கற்றுத்தரும் பாடம்.

கருமருந்து என்பது வெடியுப்பு, கரி, கந்தகம் மூன்றும் கலந்தது. எரிந்தபின் அதன் எடையில் பாதிக்கு மேல் திடப்பொருளாகவே மிஞ்சும். ஒரு பகுதி புகையாகப் போகும். மற்றது கசடாக இரும்பில் ஒட்டும். அந்தக் கசடில் பொட்டாசியம் உப்புகள் உண்டு. அவை காற்றின் ஈரத்தை இழுத்து இரும்பைத் துருவாக்கும்.

இத்துப்பாக்கியில் வரும் கோளாறுகள் பலவற்றுக்கு இந்த அழுக்கே காரணம். குண்டுகள் இருக்கும் உருளை சுற்ற மறுக்கிறதா? அதன் நடு அச்சில் கசடு ஏறியிருக்கும். ஈரத்துணியால் துடைத்து, கொழுப்பும் தேன்மெழுகும் கலந்த பசையைத் தடவினால் மீண்டும் சுற்றும். சுத்தியல் அடித்தும் வெடிக்கவில்லையா? நெருப்பு செல்லும் சிறு துளை அடைத்திருக்கலாம். அல்லது அதன்மேல் மாட்டும் செப்புக் கேப்பு நன்றாக அமராமல் இருக்கலாம். சுத்தியல் பாதியில் சிக்குகிறதா? வெடித்த கேப்பின் துண்டு உள்ளே விழுந்திருக்கும்.

வெடிக்காத துப்பாக்கியை உடனே திருப்பிக் குழாய்க்குள் பார்ப்பதுதான் பெரும் ஆபத்து. சில வேளை மருந்து தாமதித்து வெடிக்கும். ஆகவே குழாயை ஆளில்லாத பக்கம் நீட்டியபடியே சிறிது நேரம் காத்திருக்க வேண்டும்.

சுத்தம் செய்யும் முறை எளிது. முதலில் எல்லா அறைகளும் காலியா என்று பார்க்க வேண்டும். பிறகு 'நேவி' வகையில் குழாயைப் பிடித்திருக்கும் சிறு ஆப்பைத் தட்டிக் கழற்றினால், குழாயும் உருளையும் தனித்தனியே வந்துவிடும். மரக் கைப்பிடியை நீக்கிவிட்டு, இரும்புப் பாகங்களைச் சவர்க்காரம் கலந்த வெந்நீரில் கழுவ வேண்டும். இரும்பைத் தண்ணீரில் போடலாமா என்று கேட்கத் தோன்றும். உப்பு எண்ணெயில் கரையாது, தண்ணீரில்தான் கரையும். கழுவாமல் எண்ணெய் பூசினால் உப்பை உள்ளே வைத்து மூடியதாகிவிடும். கழுவியபின் ஈரம் துளியும் இல்லாமல் உலர்த்தி, அதன் பிறகே எண்ணெய் பூச வேண்டும்.

இப்போது நம் வீட்டுக்கு வருவோம். தோட்டத்தில் போடும் பொட்டாஷ் உரமும் பொட்டாசியம் உப்புதான். உரம் பட்ட மண்வெட்டியும் வியர்வை படிந்த பால்வெட்டும் கத்தியும் ஒரே இரவில் துருப்பிடிக்கத் தொடங்குவது உப்பினால்தான். துருவை மறைக்க மேலே எண்ணெய் தடவுவதால் பயனில்லை. வேலை முடிந்த அன்றே கழுவுவோம், உலர்த்துவோம், பிறகு எண்ணெய் பூசுவோம். இந்த வரிசை மாறாவிட்டால், கையில் உள்ள கருவி நமக்கு நெடுநாள் உழைக்கும்.