மாற்றலா? ஏமாற்றலா?

அலுவலகத்திலே பணிபுரிபவருக்கு மாற்றல் உத்தரவு வருகிறது. குடும்பமே கலங்குகிறது. பிள்ளையின் பள்ளி என்னாவது, வயதான பெற்றோரை யார் பார்ப்பது என்று எண்ணி எண்ணி உறக்கம் பிடிப்பதில்லை. உண்மைத் துன்பந்தான்; குறைத்துப் பேசமாட்டோம். ஆயினும் அவருக்குப் பயணப்படி உண்டு, சேர அவகாசம் உண்டு, போகிற ஊரிலே நாற்காலியும் சம்பளமும் காத்திருக்கும்!

கடலை நம்பி வாழ்பவனுக்கு?

அடையாற்று முகத்துவாரத்தருகே இருக்கிறது ஊரூர் ஒல்காட் குப்பம். (1894-இல் ஒடுக்கப்பட்டோர் பிள்ளைகளுக்கு இலவசப் பள்ளி திறந்த கர்னல் ஒல்காட்டின் பெயர் அது.) அங்கே வீடு வேறு, வேலையிடம் வேறு அல்ல. வாசலில் நின்றாலே வாடையா, கச்சானா, கொண்டலா என்று காற்று சொல்லிவிடும். நீரோட்டம் வன்னியா, தெண்டியா என்று பார்த்த பிறகே தொழிலுக்குப் போவதா வேண்டாமா என்ற முடிவு. மீன் கூட்டம் மணி பார்த்தா வருகிறது? கண்டவன் குரல் கொடுத்தால் ஓடிவரக் கூப்பிடு தூரத்தில் ஆள் வேண்டாமா? வந்த மீனைக் கரையிலேயே எடுத்து, வெயில் ஏறுமுன் விற்பவர்கள் நம் தாய்மார்கள். இவர்களை இருபது கிலோமீட்டருக்கு அப்பால் மாடியிலே குடியேற்றினால் வீடு கிடைக்கும், கடல் கிடைக்குமா? கரையில் விட்டு வந்த படகும் வலையும் என்ன ஆயினவோ என்று இரவெல்லாம் விழித்திருப்பதா?

வீண் அச்சமன்று, தோழர்களே! 2000 முதல் கண்ணகி நகர், 2004 ஆழிப்பேரலைக்குப் பின் செம்மஞ்சேரி, 2015 வெள்ளத்துக்குப் பின் பெரும்பாக்கம் என்று உழைப்பாளிகள் நகருக்கு வெளியே அனுப்பப்பட்டார்கள். நகரத்து வீடுகளிலே வேலை பார்த்த பெண்கள் விடியுமுன் பேருந்துக்கு நின்றார்கள். பலர் வேலையையே இழந்தார்கள். 2021-இல் மகளிர்க்குக் கட்டணமில்லாப் பேருந்து வந்தது, பெருமைதான். காசு மிஞ்சியது, பயணத்திலே கரைந்த நேரம் மிஞ்சியதா? அம்மா எப்போது வருவாள் என்று வாசலைப் பார்த்திருந்த பிள்ளையைக் கேளுங்கள்!

எந்த ஆட்சி என்று விரல் நீட்ட வரவில்லை. எல்லா ஆட்சியிலும் நடந்ததுதான். 1970-இல் கலைஞர் குடிசை மாற்று வாரியம் கண்டார். அந்த ஆண்டுகளிலே குடிசை இருந்த இடத்திலேயே அடுக்குமாடிகள் எழுந்தன. வழி தெரியாமலில்லை. 1985-இல் பம்பாய் நடைபாதைவாசிகள் வழக்கிலே உச்சநீதிமன்றமே, வாழும் உரிமைக்குள் பிழைக்கும் உரிமையும் அடங்கும் என்றதே!

ஆகவே கேட்கிறோம்: குடியிருப்பைப் பெயர்க்கும் எந்தக் கோப்பிலும், "வேலைக்கு எவ்வளவு தூரம்?" என்ற கேள்விக்கு முதலில் விடை எழுதப்படட்டும். குப்பத்துப் பஞ்சாயத்தாரை உட்காரவைத்து, அவர்கள் முன்னிலையில் அது படிக்கப்படட்டும்.