கால்களுக்கு இருபத்தைந்து, கைகளுக்கு அறுபத்தைந்து

முப்பது நாற்பது ஆண்டுகளாக விடாமல் ஓடிவரும் ஒருவர், அறுபத்தைந்து வயதில், நீச்சல், சைக்கிள், ஓட்டம் மூன்றும் அடுத்தடுத்து வரும் டிரையத்லானுக்குத் தயாராகத் தொடங்கினால் முதல் வாரத்திலேயே ஒரு புதிரைச் சந்திப்பார். காலையில் இருபது கிலோமீட்டர் ஓடிவிட்டு சாவகாசமாகப் பேசிக்கொண்டே வீடு திரும்புகிறவர், நீச்சல் குளத்தில் ஐம்பது மீட்டர் போவதற்குள் மூச்சிரைத்துச் சுவரைப் பிடித்துக்கொள்கிறார். இதயம் அதேதான், நுரையீரலும் அதேதான். பிறகு ஏன் இப்படி?

நீச்சல் பழகவில்லை என்பது பாதி விடைதான். மீதி விடை இன்னும் சுவையானது. ஒரே உடம்பின் எல்லாப் பகுதிகளும் ஒரே வேகத்தில் மூப்படைவதில்லை. வாழ்நாள் முழுக்க ஓடியவரின் உடம்பில் இந்த வேறுபாடு அளந்து பார்க்கும் அளவுக்குத் தெளிவாகத் தெரிகிறது.

எந்தத் தசையும் தானாக அசைவதில்லை. தண்டுவடத்தில் இருக்கும் இயக்க நரம்பணு ஒன்றிலிருந்து நீண்ட இழை புறப்பட்டு, தசைக்குள் பல கிளைகளாகப் பிரிந்து, ஏராளமான தசை இழைகளைத் தொடுகிறது. அந்த நரம்பணுவையும் அதன் ஆணைக்குக் கட்டுப்பட்ட தசை இழைகளையும் சேர்த்து ‘இயக்க அலகு’ என்பார்கள். வயது ஏற ஏற இந்த நரம்பணுக்கள் குறைகின்றன. அறுபதுக்கு மேல் அந்தக் குறைவு வெளிப்படையாகவே தெரியத் தொடங்குகிறது. ஒரு நரம்பணு இறந்தால் அதை நம்பியிருந்த தசை இழைகள் நிராதரவாகிவிடும். பெற்றோரை இழந்த பிள்ளைகளைப் பக்கத்து வீட்டார் எடுத்து வளர்ப்பதுபோல, அருகிலிருக்கும் வேறொரு நரம்பணு புதுக் கிளை விட்டு அவற்றில் சிலவற்றைத் தன்னோடு சேர்த்துக்கொள்ளும். சேர்த்துக்கொள்ள ஆளில்லாதவை சுருங்கி அழியும். வயதானவர்களின் தொடை மெலிவதற்கும், எழுந்திருக்கும்போது கையூன்ற வேண்டியிருப்பதற்கும் இது ஒரு முக்கியக் காரணம்.

கனடாவின் வெஸ்டர்ன் ஒன்டாரியோ பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2010இல் வெளியிட்ட ஓர் ஆய்வில் இந்த இயக்க அலகுகளை மூன்று வகையினரிடம் மதிப்பிட்டார்கள்: இருபத்தைந்து வயதை ஒட்டிய இளைஞர்கள், அறுபத்தைந்தை ஒட்டிய சாதாரண முதியவர்கள், அதே வயதில் பல பத்தாண்டுகளாக ஓடிவருபவர்கள். முழங்காலுக்குக் கீழே, முன்னெலும்பை ஒட்டி இறங்கும் தசையைத்தான் சோதித்தார்கள். நடக்கும்போதும் ஓடும்போதும் பாதத்தைத் தூக்குவது அந்தத் தசை. இயக்க அலகுகளை நேரடியாக எண்ண முடியாது. தசைக்குள் மெல்லிய ஊசி மின்வாயைச் செலுத்தி, தனித்தனி அலகுகள் எழுப்பும் மின்துடிப்புகளைப் பிரித்தெடுத்து, அவற்றின் சராசரி அளவைக்கொண்டு மொத்த எண்ணிக்கையைக் கணக்கிடுவார்கள். இளைஞர்களிடம் சராசரியாக 150 அலகுகள் இருந்தன. ஓடாத முதியவர்களிடம் 91. ஓட்டக்காரர்களிடம் 140!

அதே ஆய்வாளர்கள் 2012இல் இன்னொரு கட்டுரை வெளியிட்டார்கள். என் பார்வையில் முதலாவதைவிட இதுதான் பெரிது. இம்முறை அவர்கள் பார்த்தது மேற்கையில் முழங்கையை மடக்கும் தசையை. அங்கே ஓட்டக்காரர்களுக்கு எந்தச் சலுகையும் கிடைத்திருக்கவில்லை. ஓடாத சகவயதினரின் கையும் இவர்களின் கையும் ஒரே நிலையில் இருந்தன. ஓட்டம் இரத்தத்தில் ஏதோ ஒரு பொதுவான அமுதத்தைச் சுரக்கச் செய்து உடம்பு முழுவதையும் இளமையாக வைத்திருந்தால், அது கைகளுக்கும் போய்ச் சேர்ந்திருக்க வேண்டும். போகவில்லை. எந்த நரம்பணு நாள்தோறும் வேலை வாங்கப்பட்டதோ, அதுவே பிழைத்திருந்தது.

இதில் ஒரு மறுப்பும் உண்டு. அதைச் சொல்லாமல் விடுவது நேர்மையாகாது. பின்னர் பிரிட்டனில் நடந்த ஆய்வுகளில், மூத்த ஓட்டக்காரர்களின் காலிலும் அலகுகளின் எண்ணிக்கை குறைந்தே காணப்பட்டது. ஆனால் எஞ்சிய நரம்பணுக்கள், கைவிடப்பட்ட இழைகளைத் தம்மோடு சேர்த்துக்கொள்வதில் கைதேர்ந்தவையாக இருக்கலாம் என்று வேறு ஆய்வுகள் காட்டுகின்றன. நரம்பணு சாகாமல் காக்கப்படுகிறதா, செத்ததன் இடத்தை அடுத்தது திறமையாக நிரப்புகிறதா என்ற விவாதம் இன்னும் முடியவில்லை. எப்படியானாலும் உழைத்த காலுக்குப் பலன் உண்டு.

இப்போது நம் ஓட்டக்காரர் குளத்தில் இறங்குவதைக் கொஞ்சம் கிட்டத்தில் நின்று பார்ப்போம். நீர் காற்றைவிடச் சுமார் 800 மடங்கு அடர்த்தியானது. தரையில் காற்றின் தடையை அவர் பொருட்படுத்தியதே இல்லை. இங்கே ஒவ்வொரு அங்குலமும் தடைதான். நுரையீரலில் காற்று இருப்பதால் மார்பு மிதக்கிறது. கொழுப்பு குறைந்த, தசை இறுகிய கால்கள் தாழ்கின்றன. பயத்தில் தலையைத் தூக்குகிறார். கால்கள் இன்னும் இறங்குகின்றன. உடம்பு சாய்வாகி, முன்னேறும் திசைக்குக் குறுக்கே தானே ஒரு தடுப்பாக நிற்கிறது. கணுக்காலைப் பாருங்கள். பல ஆண்டு ஓட்டத்தில் அது இறுகியிருக்கிறது; தரையை உதைத்து எழ அந்த இறுக்கம் உதவும். நீரிலோ பாதம் பின்னோக்கி நீள வேண்டும். நீளாத பாதம் கொக்கியாக நின்று தண்ணீரைப் பிடித்து இழுக்கிறது. மிதவைப் பலகையைப் பிடித்துக்கொண்டு காலை மட்டும் அடிக்கச் சொன்னால், சில ஓட்டக்காரர்கள் நின்ற இடத்திலேயே நிற்பார்கள். சிலர் பின்னால்கூடப் போவார்கள்.

மூச்சிலும் சிக்கல்தான். ஓடும்போது வேண்டும்போதெல்லாம் மூச்சு விடலாம். நீச்சலில் முகம் நீருக்குள் இருக்கும்போது மூச்சை வெளிவிட்டு, தலை திரும்பும் அந்தக் கணத்தில் இழுத்துக்கொள்ள வேண்டும். பழகாதவர் நீருக்குள் மூச்சை அடக்கிக்கொள்கிறார். கரியமிலவாயு தேங்கித் திணறல் வருகிறது. ஆக்சிஜன் குறைந்துவிட்டதுபோலப் படும் அந்தத் தவிப்புக்கு உண்மையில் பெரும்பாலும் இந்தத் தேக்கம்தான் காரணம். இத்தனைக்கும் மேலாக, உடம்பை முன்னே இழுக்கும் வேலையின் பெரும்பகுதி தோளுக்கும் முதுகுக்கும் கைக்கும் போகிறது. அதாவது, சலுகை கிடைக்காத அந்த அறுபத்தைந்து வயதுத் தசைகளுக்கு.

அவை இனித் தேறுமா? தேறும். 1990இல் அமெரிக்காவின் பாஸ்டனில், முதியோர் இல்லத்தில் இருந்த 86 முதல் 96 வயது வரையிலான பத்துப் பேருக்கு எட்டு வாரம் காலுக்கு எடைப்பயிற்சி கொடுத்துப் பார்த்தார்கள். பயிற்சியை முடித்தவர்களின் கால்வலிமை சராசரியாக 174 விழுக்காடு கூடியது. தொண்ணூறில் தசை இப்படிச் செவிசாய்க்கும் என்றால், அறுபத்தைந்தில் தோளைப் பழக்குவதற்குத் தயங்க வேண்டியதில்லை. அவசரம் மட்டும் கூடாது. தோள்மூட்டைச் சுற்றியுள்ள தசைநாண்கள் வயதோடு தேய்ந்திருக்கும். இருபத்தைந்து மீட்டர் நீந்தி, நின்று, மறுபடி நீந்துவதுதான் முறை.

சைக்கிள் அவருக்கு ஒரு வரம் என்றே சொல்வேன். மூத்த ஓட்டக்காரர்களை அடிக்கடி படுத்துவது கெண்டைக்காலும் குதிகால் தசைநாணும். சைக்கிளில் பாதம் தரையில் மோதுவதே இல்லை. கெண்டைக்காலுக்கு ஓய்வு கொடுத்துக்கொண்டே இதயத்துக்குக் கடும் வேலை கொடுக்கலாம். ஆனால் எலும்புக்கு அந்த மோதல் தேவைப்படுகிறது. நீச்சலும் சைக்கிளும் எலும்பை வலுப்படுத்துவதில்லை. ஆகவே ஓட்டத்தை அடியோடு குறைத்துவிட்டு மற்ற இரண்டில் மூழ்கிவிடக் கூடாது. சைக்கிளிலிருந்து இறங்கி உடனே ஓடும் ‘பிரிக்’ பயிற்சியில், அத்தனை ஆண்டு ஓடிய கால்களே யாருடையவோ போலக் கனக்கும். மிதிப்பதற்குத் தசை சுருங்கினால் போதும். ஓட்டத்தில் ஒவ்வொரு அடிக்கும் அது சுமையோடு நீண்டு பிறகு சுருங்க வேண்டும். அந்தக் கட்டளை முறை மாறுவதற்குச் சில நிமிடங்கள் பிடிக்கும்.

எவ்வளவு பயின்றாலும் விட்டுக்கொடுக்காத ஒன்று உண்டு: இதயத்தின் உச்சத் துடிப்பு. 208இலிருந்து, வயதை 0.7ஆல் பெருக்கிக் கழித்தால் தோராயமான கணக்குக் கிடைக்கும். இருபத்தைந்து வயதில் சுமார் 190. அறுபத்தைந்தில் சுமார் 162. இந்தக் குறைவை எந்தப் பயிற்சியும் நிறுத்துவதில்லை. கடும் உழைப்பில் உடம்பு பயன்படுத்தும் ஆக்சிஜனின் உச்ச அளவும் பத்தாண்டுக்குப் பத்து விழுக்காடு வீதம் குறைகிறது. கடுமையாகப் பயிற்சியைத் தொடர்பவர்களிடம் அந்தச் சரிவு ஏறக்குறைய பாதியாகலாம்.

இந்த எல்லைகளுக்குள் மனிதர்கள் எவ்வளவு தூரம் போயிருக்கிறார்கள் என்பதற்கு ‘அயர்ன்மேன்’ போட்டிதான் அளவுகோல். 1978இல் ஹவாயின் ஓவாஹு தீவில் பதினைந்து பேரோடு தொடங்கியது அது. 3.8 கிலோமீட்டர் நீச்சல், 180 கிலோமீட்டர் சைக்கிள், பிறகு 42.195 கிலோமீட்டர் ஓட்டம். பதினேழு மணி நேரத்துக்குள் முடிக்க வேண்டும். அமெரிக்கக் கன்னியாஸ்திரி மடோனா பியூடர் ஐம்பதை நெருங்கும்போதுதான் ஓடவே தொடங்கினார். 2012இல் 82 வயதில் கனடாவில் நடந்த அயர்ன்மேனை முடித்தார். ஜப்பானின் ஹிரோமு இனாடா அறுபதில் நீச்சல் பழகி, எழுபதில் முதல் டிரையத்லானுக்கு இறங்கியவர். 2015இல் ஹவாயில் ஒரு சில நொடிகள் தாமதமானதால் அவர் ஓடிமுடித்தது கணக்கில் வரவில்லை. அவர் விடவில்லை. 2018இல் 85 வயதில், அதே போட்டியை, 16 மணி 53 நிமிடத்தில் முடித்தார். இவ்விருவரும் வாழ்நாள் ஓட்டக்காரர்கள்கூட இல்லை என்பதைக் கவனியுங்கள்.

கடைசியாக ஒன்றை அழுத்திச் சொல்ல வேண்டும். அமெரிக்க டிரையத்லான்களில் 1985 முதல் 2016 வரை திடீர் மரணமோ இதய நிறுத்தமோ நேர்ந்த 120 பேரில் 90 பேருக்கு அது நீச்சலின்போது நேர்ந்தது. அறுபது வயதைத் தாண்டிய ஆண்களிடம் ஆபத்து பல மடங்கு அதிகம். உடற்கூறு சோதனை செய்யப்பட்டவர்களில் பலருக்கு இதயக் கோளாறு இருந்தது தெரியவந்தது. நீண்டகாலம் ஓடியவர் என்பதால் இதயம் பழுதற்றது என்று எண்ணிவிடாதீர்கள். பல்லாண்டு கடும் பயிற்சி செய்த ஆண்களுக்கு இதயத் துடிப்பு ஒழுங்கு தவறும் வாய்ப்பு மற்றவர்களைவிடச் சற்றுக் கூடுதல். ஆகவே நீங்கள் அறுபதைக் கடந்த ஓட்டக்காரர் என்றால், குளத்தில் சேர்வதற்கு முன்பே இதய மருத்துவரைப் பார்த்து, ஓடவிட்டுச் செய்யும் சோதனையை முடித்துக்கொள்ளுங்கள். ஏரியிலோ கடலிலோ ஒருபோதும் தனியாக இறங்காதீர்கள்.