பிடிமானம் குறைந்த மண் தளத்தில் ரேடியோ கட்டுப்பாட்டுக் கார்

பிடிமானம் குறைந்த மண் தளத்திற்கான கார் அமைவு என்பது, புழுதி, சரளை, மணல் போன்ற வழுக்கும் தரையில் ஓடும் ரேடியோ கட்டுப்பாட்டுக் காரின் டயர், சுருள்வில், எடைப் பங்கீடு, மோட்டார் ஆகியவற்றைத் தரைக்கேற்ப மாற்றியமைக்கும் முறையாகும். இத்தகைய தரையில் மோட்டாரின் ஆற்றலைக் கூட்டினால் வேகம் கூடுவதில்லை. சக்கரம் இருந்த இடத்திலேயே சுழலும், கார் திரும்பி நின்றுவிடும். எனவே ஆற்றலைத் தரைக்குக் கொண்டுசேர்ப்பதே அமைவின் நோக்கம்.

வரலாறு

ஜப்பானின் டாமியா நிறுவனம் 1979 இல் வெளியிட்ட சாண்ட் ஸ்கார்ச்சர், ரஃப் ரைடர் ஆகிய 1:10 அளவுக் கார்கள் மண் தள ஓட்டத்தைப் பரவலாக்கின. 1984 இல் அமெரிக்காவின் டீம் அசோசியேட்டட் நிறுவனம் ஆர்சி10 என்னும் பந்தயக் காரை வெளியிட்டது. இவ்வகைக்கான முதல் உலகப் போட்டி 1985 இல் கலிபோர்னியாவின் டெல் மாரில் நடந்தது.

மண்ணின் தன்மை

ஒரே மாவட்டத்திற்குள் தரை எவ்வளவு மாறுபடும் என்பதற்குக் கடலூர் மாவட்டம் நல்ல எடுத்துக்காட்டு.

- செம்மண்: கடலூரை அடுத்த கேப்பர் மலைப் பகுதி, கடலூர் மணற்கல் எனப்படும் பாறைப் படிவத்தால் ஆனது. இங்குள்ள செம்மண் காய்ந்தால் அடிப்பகுதி இறுகிவிடும்; மேலே உதிரிச் சரளை நிற்கும். டயர் அந்தச் சரளையின் மேல் உருண்டு வழுக்கும்.
- வண்டல் களிமண்: வெள்ளாற்றுக்கும் கொள்ளிடத்திற்கும் இடைப்பட்ட சிதம்பரம் பகுதியில் நெல் விளையும் களிமண் மிகுதி. இது சற்றே ஈரமாக இருக்கையில் நல்ல பிடிமானம் தரும். நனைந்தால் டயரில் அப்பிக்கொள்ளும். கோடையில் வெடித்துப் புழுதியாகும்.
- கடற்கரை மணல்: தேவனாம்பட்டினம் போன்ற கடற்கரைகளில் டயர் மணலில் புதையும்.

டயர்

அமைவில் முதலில் கவனிக்க வேண்டியது டயர். இறுகிய தரையில் மெல்லிய புழுதி படிந்திருந்தால், மென்மையான ரப்பரில் நெருக்கமான சிறு பற்கள் கொண்ட டயர் பொருந்தும். உதிரி மண்ணுக்கு உயரமான, இடைவெளி விட்ட பற்கள் தேவை. ஈரக் களிமண்ணில் இந்த இடைவெளியே மண்ணை உதறித் தள்ளுகிறது. மணலுக்குத் துடுப்பு போன்ற பட்டைகள் கொண்ட பின் டயர் ஏற்றது.

சுருள்வில்லும் எண்ணெயும்

மென்மையான சுருள்வில், மேடுபள்ளத்திற்கேற்பச் சக்கரத்தைத் தரையோடு ஒட்டி வைக்கிறது. அதிர்வுதாங்கியில் பாகுத்தன்மை குறைந்த எண்ணெய் இட்டால் அது விரைவாக இயங்கும். வெயிலில் எண்ணெய் மேலும் இளகும். ஆகவே காலையில் சரியாக இருந்த கார் கோடை நண்பகலில் துள்ளலாம். பின் சக்கரங்களின் முன்விளிம்புகளை 3 முதல் 4 பாகை வரை உள்நோக்கித் திருப்பி வைத்தால் வளைவில் பின்பகுதி எளிதில் விலகாது.

எடையும் ஆற்றலும்

பின் சக்கரங்கள் மட்டும் இயங்கும் காரில் பேட்டரியைப் பின்னோக்கி நகர்த்தினால், அச்சக்கரங்கள் தரையை நன்கு அழுத்தும். ஆனால் மிகுதியாக நகர்த்தினால் முன் சக்கரங்கள் இலேசாகி, கார் திரும்ப மறுக்கும். மோட்டாரின் வேகக் கட்டுப்படுத்தியில் தொடக்க உந்துதலைக் குறைப்பதும், தானியங்கி பிரேக்கைத் தளர்த்துவதும் சறுக்கலைத் தடுக்கும்.

குறைகளும் தீர்வுகளும்

- வளைவில் பின்பகுதி விலகினால்: பின் சுருள்வில்லை மென்மையாக்குதல், பேட்டரியைப் பின்னே நகர்த்துதல்.
- கார் திரும்பாமல் நேரே சென்றால்: முன் சுருள்வில்லை மென்மையாக்குதல், முன் டயரை மாற்றுதல்.
- புறப்படும்போது சக்கரம் வீணாகச் சுழன்றால்: தொடக்க உந்துதலைக் குறைத்தல்.

ஒரு முறைக்கு ஒரு மாற்றம் மட்டுமே செய்து, சில சுற்றுகள் ஓட்டி நேரத்தைக் குறித்துக்கொள்ள வேண்டும். இரண்டை ஒன்றாக மாற்றினால் எது பயன் தந்தது என அறிய இயலாது.

அலைவரிசையும் பராமரிப்பும்

இன்றைய கார்கள் பெரும்பாலும் 2.4 கிகாஹெர்ட்ஸ் அலைவரிசையில் இயங்குகின்றன. குறிப்பிட்ட திறன் வரம்புக்குள் இதனை உரிமமின்றிப் பயன்படுத்த இந்தியாவில் 2005 முதல் அனுமதி உள்ளது. புழுதியில் ஓட்டிய பின் தூரிகையால் மண்ணை அகற்ற வேண்டும். கடற்கரையில் ஓட்டினால் உப்பு தாங்கு உருளைகளைத் துருப்பிடிக்கச் செய்யும் என்பதால், அவற்றை அன்றே துடைத்து எண்ணெய் இடுவது நல்லது.