'வாக்கெடுப்பு வைங்க'ன்னு சொல்றோம்... யார்கிட்ட, என்ன கேள்வி?

கிளாஸ் வாட்ஸ்அப் குரூப்ல ஒரு போல் வருது: 'சிம்போசியம் தேதியை மாத்தலாமா?' அறுபது பேர்ல இருபது பேர் ஓட்டுப் போடறாங்க. பத்தொன்பது பேர் 'ஆமா'. உடனே ஒருத்தர், "95 சதவீதம் ஆதரவு!"ன்னு அறிவிக்கிறார். ஓட்டே போடாத நாற்பது பேரோட கணக்கு என்ன? தேதி மாறினா நிஜமா பாதிக்கப்படுற ஜூனியர்ஸ் அந்த குரூப்லயே இல்லையே, அவங்களை யார் கேட்டாங்க?

தேதிக்கே இவ்வளவு கேள்வின்னா, 'தனி நாடு வேணுமா?'ன்னு கேட்கிற வாக்கெடுப்புக்கு எவ்வளவு இருக்கும்? ஈழப் பேச்சு வந்தாலே தூத்துக்குடி டீக்கடையிலிருந்து ஹாஸ்டல் ரூம் வரைக்கும் "பொது வாக்கெடுப்பு நடத்தணும்"னு ஒருத்தராவது சொல்வாங்க. 2013 மார்ச்சில் சென்னை லயோலா கல்லூரி மாணவர்கள் உண்ணாவிரதத்தில் தொடங்கி மாநிலம் முழுக்கப் பரவின போராட்டத்திலும் அது முக்கியக் கோரிக்கை. அந்த மார்ச் 27-ம் தேதி தமிழக சட்டமன்றமே அதைக் கேட்டுத் தீர்மானம் போட்டது. ஆனா அது எப்படி நடக்கும், இதுக்கு முன்னாடி நடந்திருக்கான்னு நம்மள்ல பலருக்குத் தெரியாது. அதுக்குத்தான் இந்தக் கட்டுரை.

ஒரு தொகுதியே வாக்கெடுப்பான கதை

1972-ல் இலங்கை புது அரசியலமைப்பைக் கொண்டு வந்தது. தமிழர்கள் இதை ஏற்கலன்னு காட்ட, தமிழரசுக் கட்சித் தலைவர் எஸ்.ஜே.வி. செல்வநாயகம் தன் காங்கேசன்துறை எம்.பி. பதவியை அந்த அக்டோபரில் ராஜினாமா செஞ்சார். 'இடைத்தேர்தல் வைங்க, மக்கள் சொல்லட்டும்' என்பது அவர் விட்ட சவால். அரசு இரண்டு வருஷத்துக்கு மேல இழுத்து, 1975 பிப்ரவரி 6-ல்தான் தேர்தல் வெச்சது. செல்வநாயகம் 16,000-க்கும் அதிகமான வாக்கு வித்தியாசத்தில் ஜெயிச்சார். தோத்தவர் கம்யூனிஸ்ட் வேட்பாளர் வி. பொன்னம்பலம். அவரும் தமிழர்தான். அதாவது அன்னிக்கே தமிழர்களுக்குள்ளேயே எதிர்க்கருத்து இருந்தது, அதுவும் பெட்டியில் எண்ணப்பட்டது.

அடுத்து 1976 மே 14. வட்டுக்கோட்டையில் தமிழர் விடுதலைக் கூட்டணி தனித் தமிழீழத் தீர்மானம் போட்டது. 1977 பொதுத் தேர்தலில் அதையே முன்வெச்சு ஓட்டுக் கேட்டாங்க. வடக்கில் 14 தொகுதியும் கிடைச்சது; கிழக்கில் 4. மொத்தம் 18 இடங்களோட அமிர்தலிங்கம் எதிர்க்கட்சித் தலைவர் ஆனார். 'மக்கள் ஆணை கிடைச்சாச்சு'ன்னு சொல்றவங்க இன்னிக்கும் காட்டுறது இந்தத் தேர்தலைத்தான். எதிர்வாதம் செய்றவங்க கிழக்கைக் காட்டுவாங்க. கிழக்கில் தமிழர், முஸ்லிம், சிங்களவர் மூணு தரப்பும் கணிசமா இருக்காங்க. யாருக்கும் அறுதிப் பெரும்பான்மை கிடையாது. மலையகத் தமிழர்களோட தலைவர் தொண்டமானும் தனிநாட்டுக் கோரிக்கையில் சேரல. தேயிலைத் தோட்டங்கள் இருக்கிறது அந்தக் கோட்டுக்கு வெளியே ஆச்சே!

கேட்கவே கூடாதுன்னு சட்டம்

1983 ஆகஸ்டில், கறுப்பு ஜூலை முடிஞ்ச கையோட, ஆறாவது திருத்தம் வந்தது. இலங்கைக்குள்ள தனிநாடு கேட்கிறதே குற்றம். அதுக்கான உறுதிமொழி எடுக்க மறுத்த கூட்டணி எம்.பி.க்கள் பதவி இழந்தாங்க. அதுக்கப்புறம் அங்கே ஒரு சாதாரண ஆள் 'ஆமா' சொல்லவும் முடியாது. 'ஆமா' சொல்றவரோட வெளிப்படையா வாதம் பண்ணி 'இல்ல'ன்னு சொல்றதுக்கும் வழி கிடையாது.

இதில் நாம ரொம்ப உசத்தின்னும் நினைக்க வேண்டாம். திராவிட நாடு கோரிக்கை இருந்த காலத்தில், 1963-ல் நம்ம அரசியலமைப்பிலும் 16-வது திருத்தம் வந்தது. தேர்தலில் நிற்கிறவங்க இந்தியாவின் இறையாண்மையையும் ஒருமைப்பாட்டையும் காப்போம்னு உறுதிமொழி எடுக்கணும். தி.மு.க. அந்தக் கோரிக்கையைக் கைவிட்டது. 'பக்கத்து நாட்டில் வாக்கெடுப்பு வை'ன்னு கேட்கிற தீர்மானத்தைப் பத்தி டெல்லி ஏன் நெளியுதுங்கிறதுக்கு இதுவும் ஒரு காரணம்.

எழுதி வெச்சும் நடக்காதது

1987 ஜூலை 29, இந்திய-இலங்கை ஒப்பந்தம். வடக்கையும் கிழக்கையும் தற்காலிகமா இணைக்கணும், 1988 டிசம்பர் 31-க்குள்ள கிழக்கு மாகாண மக்கள்கிட்ட மட்டும் 'இணைஞ்சே இருக்கலாமா?'ன்னு வாக்கெடுப்பு வைக்கணும்னு அதில் இருந்தது. இது தனிநாட்டுக் கேள்வி இல்ல. அப்படியிருந்தும் ஒத்திவெச்சு ஒத்திவெச்சு கடைசி வரைக்கும் நடக்கவே இல்ல. 2006-ல் இலங்கை உச்ச நீதிமன்றம் இணைப்பே செல்லாதுன்னுடுச்சு. 2007 ஜனவரி முதல் இரண்டும் தனித்தனி மாகாணம். ஒரு கையெழுத்து ராஜீவ் காந்தியோடது, இன்னொன்னு ஜெயவர்த்தனாவோடது. பேனா பிடிச்ச இரண்டு பேரும் கேட்டிருக்க வேண்டிய கேள்வி, கிழக்கு மக்கள்கிட்ட போய்ச் சேரவே இல்ல.

புலம்பெயர்ந்தவங்க போட்ட ஓட்டு

ஊர்ல கேட்க முடியாததால வெளியே கேட்டாங்க. 2009 மே 10, முள்ளிவாய்க்காலில் குண்டு விழுந்துக்கிட்டு இருக்கும்போதே, நார்வேத் தமிழர்கள் வட்டுக்கோட்டைத் தீர்மானத்தை வாக்குக்கு விட்டாங்க. 5,633 பேர் வாக்களிச்சதில் 98.95 சதவீதம் 'ஆம்'. அந்த டிசம்பர் 19-ல் கனடாவில் 48,583 பேர், 99.8 சதவீதம் 'ஆம்'. 2010 ஜனவரி கடைசியில் பிரிட்டனில் 64,692 பேர், 99.33 சதவீதம். பிரான்ஸ், சுவிட்சர்லாந்து, ஜெர்மனி, நெதர்லாந்து, டென்மார்க், இத்தாலி, ஆஸ்திரேலியான்னு மொத்தம் பத்து நாடு.

இதுக்குச் சட்ட பலம் எதுவும் இல்ல. அப்போ எதுக்கு? ஆதரிச்சவங்க வாதம்: துப்பாக்கி ஓய்ஞ்ச பிறகும் கோரிக்கை ஓயலன்னு உலகத்துக்கு ஜனநாயக வழியில் காட்டணும், ஊர்ல இருக்கிறவங்க வாயைத் திறக்க முடியாதப்போ நாமதான் பேசணும். தயங்கினவங்க வாதம்: முகாம்ல மூணு லட்சம் பேர் முள்வேலிக்குள்ள நிக்கிறப்போ இப்போ அவசரம் சோறும் விடுதலையும்தான்; டொராண்டோவில் இருந்துக்கிட்டு கிளிநொச்சியோட எதிர்காலத்தை நாம எப்படி முடிவு பண்றது? ஒரே வீட்டுச் சாப்பாட்டு மேசையில் இரண்டு பக்கமும் உட்கார்ந்து பேசக்கூடிய வாதங்கள் இவை. எதையும் துரோகம்னு தள்ளிட முடியாது.

99 சதவீதம்ங்கிற எண்ணைப் படிக்கிறப்போ நம்ம வாட்ஸ்அப் கணக்கை ஞாபகம் வெச்சுக்கணும். தானா வந்து போடுற ஓட்டில், ஒத்துக்காதவங்க பெரும்பாலும் எதிர்த்து ஓட்டுப் போட வரமாட்டாங்க; வீட்லயே இருந்துடுவாங்க. அதனால அந்த வாக்கெடுப்பு பொய்ன்னு ஆகாது. 64 ஆயிரம் பேர் ஜனவரிக் குளிரில் வரிசையில் நின்னது உண்மை. எத்தனை பேர் உறுதியா இருக்காங்கன்னு அது சொல்லும். மொத்தச் சமூகமும் எப்படிப் பிரிஞ்சிருக்குன்னு சொல்லாது.

அந்தப் பத்து நாட்டுப் பட்டியலில் இந்தியா இல்லங்கிறதையும் கவனிங்க. நம்ம மாவட்டத்திலேயே தாப்பாத்தியில் ஈழத் தமிழர் முகாம் இருக்கு. மன்னார் வளைகுடாவைத் தாண்டி மிகப் பக்கத்தில் வந்து சேர்ந்தவங்க இவங்க. குடியுரிமை, படிப்பு, வேலை, திரும்பிப் போறதா வேணாமான்னு எல்லாத்திலும் அந்தக் கேள்வியோட விளைவைத் தினமும் சுமக்கிறவங்க. ஒஸ்லோவில் இருந்தவருக்குக் கிடைச்ச ஓட்டுச் சீட்டு இவங்களுக்குக் கிடைக்கல.

அவ்வளவு ஏன், நம்ம கடலையே எடுத்துக்கோங்க. ஒரு காலத்தில் இந்தக் கரையோட முத்துக்குளிக்கிறவங்க எதிர்க்கரைச் சிலாபத்துக்கும் போய் வந்தவங்க. 1974-லும் 1976-லும் இரண்டு அரசும் கடல் எல்லைக் கோடு போட்டப்போ, எந்த மீனவக் கிராமத்திலும் பெட்டி வைக்கல.

மத்தவங்க எப்படிச் செஞ்சாங்க?

ஸ்காட்லாந்து, 2014: அங்கே வசிக்கிற எல்லாருக்கும் ஓட்டு, 16 வயசுப் பசங்களுக்கும். லண்டனில் குடியிருக்கிற ஸ்காட்டிஷ்காரருக்குக் கிடையாது. 84.6 சதவீதம் பேர் வாக்களிச்சாங்க. 55 சதவீதம் 'வேண்டாம்'.

கிழக்குத் திமோர், 1999: ஐ.நா. நடத்தினது. வெளிநாட்டில் இருந்தவங்களுக்கும் ஓட்டு இருந்தது. இந்தோனேசியாவுக்குள்ள தன்னாட்சி போதுமான்னு கேட்டாங்க, 78.5 சதவீதம் பேர் நிராகரிச்சாங்க. உடனே ஆயுதக் குழுக்கள் ஊர் ஊரா எரிச்சுது. முடிவைக் காப்பாத்த வெளிப்படை வர வேண்டியிருந்தது.

புதுச்சேரி, 1954: இந்தியாவோடு சேரலாமான்னு கீழூரில் வாக்கெடுப்பு. ஓட்டுப் போட்டது 178 மக்கள் பிரதிநிதிகள் மட்டும். 170 பேர் ஆதரவு, 8 பேர் எதிர்ப்பு. சாதாரண ஜனத்துக்குச் சீட்டு இல்ல.

அடுத்த தடவை விவாதம் வந்தா

'வாக்கெடுப்பு வைங்க'ன்னு ஒருத்தர் சொன்னா, சண்டைக்குப் போகாம இந்த நாலைக் கேளுங்க:

1. யாருக்கு ஓட்டு? வடக்குக்கு மட்டுமா, கிழக்குக்குமா? முஸ்லிம்களுக்கு, மலையகத்துக்கு, நார்வேக்கு, தாப்பாத்திக்கு?

2. கேள்வி என்ன? தனிநாடு - இப்போதைய நிலைன்னு இரண்டு பதில்தானா? கூட்டாட்சி மூணாவதா இருக்குமா?

3. 'இல்ல'ன்னு சொல்றவர் பயமில்லாம வெளியில் பிரசாரம் பண்ண முடியுமா? 'ஆமா'ன்னு சொல்றவர்?

4. முடிவு எதுவானாலும் அதை நடைமுறைப்படுத்தப் போறது யார், தோத்த பக்கத்துக்குப் பாதுகாப்பு யார்?

இந்த நாலுக்கும் பதில் வெச்சிருக்கிற ஆதரவாளர்கிட்டயும் எதிர்ப்பாளர்கிட்டயும் தாராளமா உட்கார்ந்து பேசலாம். கேன்டீனில் இன்னொரு டீ சொல்லிட்டு.