உங்களுக்குத் தெரியுமா?

நம் உடம்பின் பெரும்பாலான செல்கள் தனித்து விட்டால் பிழைக்காது. ‘செத்துவிடாதே’ என்ற சேதி மற்ற செல்களிடமிருந்து வந்துகொண்டே இருக்க வேண்டும். அது நின்றுபோனால் செல் தன்னைத்தானே அழித்துக்கொள்ளும். சேதியைக் கொண்டுவருபவை வளர்ச்சிக் காரணிகள் என்னும் புரதங்கள்.

• இவற்றில் முதலில் பிடிபட்டது நரம்பு வளர்ச்சிக் காரணி. கண்டுபிடித்தவர் இத்தாலியின் ரீட்டா லெவி-மொண்டால்சினி. அவர் யூதர், முசோலினி அரசு 1938இல் கொண்டுவந்த இனச் சட்டங்களால் பல்கலைக்கழகக் கதவு அவருக்கு மூடப்பட்டது. அவரோ துரின் நகரத்து வீட்டில் தன் படுக்கையறையையே ஆய்வுக்கூடமாக்கிக்கொண்டார். தையல் ஊசியைத் தீட்டிக் கத்தியாக்கி, கோழிக்கருவின் முளைவிடும் காலை வெட்டி எடுத்தார். அந்தக் காலுக்குப் போகவேண்டிய நரம்புச் செல்கள் பிறந்தன, வளரவும் தொடங்கின, பிறகு மடிந்தன. போய்ச் சேரும் இடத்திலிருந்து ஏதோ ஒன்று வராததே காரணம் என்ற முடிவுக்கு அவர் வந்தார். அந்த ‘ஏதோ ஒன்றை’ 1950களில் அமெரிக்காவில் உயிர்வேதியியலாளர் ஸ்டான்லி கோஹனோடு சேர்ந்து பிரித்தெடுத்தார். பாம்பு விஷத்திலும் ஆண் சுண்டெலியின் உமிழ்நீர்ச் சுரப்பியிலும் அது ஏராளமாகக் கிடைத்தது! இருவருக்கும் 1986இல் நோபல் பரிசு. இரண்டாம் உலகப் போர்க்காலத்தில், ஒரு படுக்கையறையில் இவ்வளவு பெரிய அறிவியல் தொடங்கியதை நினைத்தால் இன்றும் மெய்சிலிர்க்கிறது.

• கரு வளரும்போது நரம்பு மண்டலத்தின் பல பகுதிகளில் உருவாகும் நரம்புச் செல்களில் ஏறக்குறைய பாதி இப்படித்தான் மடிகின்றன. போதிய அளவு காரணி கிடைத்தவை தங்குகின்றன.

• காரணி செல்லின் மேலுள்ள ஏற்பியில் வந்து ஒட்டியதும், உள்ளே ‘ஏ.கே.டி’ என்ற நொதி விழித்துக்கொள்கிறது. சாவைத் தூண்டும் ‘பேட்’ புரதத்தின் மீது அது பாஸ்பேட்டை ஏற்றி முடக்கிவிடுகிறது. சேதி நின்றால் பேட் விடுபடும். செல்லின் ஆற்றல்கூடமான மைட்டோகாண்ட்ரியாவிலிருந்து சைட்டோகுரோம்-சி என்ற புரதம் கசியும். உடனே காஸ்பேஸ் நொதிகள் செல்லைத் துண்டாடும். துண்டுகளை அக்கம்பக்கத்துச் செல்கள் விழுங்கிவிடுவதால் வீக்கமோ சீழோ இல்லை.

• வெளியிலிருந்து சேதி வராமலேயே, வந்ததுபோல உள்ளே எந்நேரமும் ஒலித்துக்கொண்டிருந்தால்? பல புற்றுநோய்ச் செல்கள் சாகாமல் தப்புவது அப்படித்தான்.

• சிறுநீரகம் சுரக்கும் எரித்ரோபொய்டினும் இப்படிப்பட்ட ஒரு சேதிதான். எலும்பு மஜ்ஜையில் முதிர்ந்து வரும் ரத்தச் சிவப்பணுக்களை அது சாகவிடாமல் காக்கிறது. சிறுநீரகம் பழுதானவர்களுக்கு ரத்தசோகை வருவதற்கு இதன் குறைவே முக்கியக் காரணம். டயாலிசிஸ் செய்துகொள்பவர்கள் பலருக்குப் போடப்படும் ‘ரத்தம் ஊறும் ஊசி’ இந்த எரித்ரோபொய்டின்தான்.